கெர்னல் மயங்கி விழுந்தால் யாரைக் கேட்பது?

ஒரு மண்டி. அங்கே ஒரே ஒரு கணக்குப்பிள்ளை. வரவு, செலவு, கல்லாச் சாவி, குடோன் சாவி எல்லாம் அவர் கையில்தான். ஒருநாள் மத்தியானம் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார். கடைசியாக என்ன எழுதினார்? எந்தச் சீட்டைப் பார்த்து எழுதினார்? யாரைக் கேட்பது? பதில் தெரிந்த ஒரே ஆள் மயக்கத்தில் கிடக்கிறார்!

கணினிக்குள் இருக்கும் கெர்னல் இந்தக் கணக்குப்பிள்ளையைப் போலத்தான். இயங்குதளத்தின் நடுமையம் அது. நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், பிராசஸரில் யாருடைய முறை இப்போது, விசைப்பலகையில் தட்டிய எழுத்து யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. சாதாரண நிரல் ஒன்று தகராறு செய்தால் கெர்னல் அதை நிறுத்திவிடும். என்ன தவறு என்று பார்க்க வேறொரு நிரலையும் ஓடவிடும். அப்படித் தவறு பார்க்கும் நிரலுக்கு டீபக்கர் என்று பெயர். தமிழில் வழுநீக்கி என்பார்கள். ஆனால் கெர்னலே நின்றுபோனால்? டீபக்கர் ஓடவும் கெர்னல் வேண்டும் அல்லவா? திரையில் எழுத்து காட்டக்கூட ஆள் இல்லை.

அதனால்தான் இரண்டு கணினி முறை வந்தது. ஒன்று நோயாளி, இன்னொன்று மருத்துவர். நடுவில் ஒரு ஒயர். நோயாளியின் கெர்னலுக்குள் மிகச் சிறிய ஒரு துண்டு நிரலை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். மற்றதெல்லாம் நின்றாலும் அந்தத் துண்டு மட்டும் விழித்திருந்து, ஒயர் வழியாக வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். "இந்த முகவரியில் என்ன இருக்கிறது?" "இன்னது." "எந்த வரியில் நிற்கிறாய்?" "இந்த வரியில்." இதுதான் கெர்னல் ரிமோட் டீபக்கிங். எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தவர்களைக் கேட்டால் கதை வேறு.

புனேயும் ஒரு நீண்ட காத்திருப்பும்

லினக்ஸில் இந்த வேலையைச் செய்வதற்குக் கேஜிடிபி என்று பெயர். மருத்துவர் பக்கத்தில் ஓடுவது ஜிடிபி. வணிகவியல் நண்பர்கள் உடனே மொத்த உள்நாட்டு உற்பத்தியை நினைக்க வேண்டாம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் வரும், என்ன செய்வது! இந்த ஜிடிபி 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய க்னூ டீபக்கர்.

கேஜிடிபியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. டேவிட் க்ரோத், டிக்ரான் ஐவசியான் போன்றவர்கள் தொடங்கிய வேலையை 2000-க்குப் பிறகு பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர்களில் முக்கியமானவர் அமித் எஸ். காலே. புனேயைச் சேர்ந்த லின்சிஸ்சாஃப்ட் நிறுவனத்தின் பெயரும் அந்த மூலநிரலின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் அது லினக்ஸின் அதிகாரபூர்வ மூலநிரலுக்குள் இல்லை. வெளியே தனி ஒட்டாகத்தான் வெகுநாள் இருந்தது. புதுக் கெர்னல் வரும்போதெல்லாம் மறுபடி தைக்க வேண்டும்.

ஏன் என்றால், லினஸ் டோர்வால்ட்ஸுக்குக் கெர்னல் டீபக்கர் பிடிக்காது. 2000-ம் ஆண்டு செப்டம்பரில் அதை வெளிப்படையாகவே எழுதினார். டீபக்கர் கையில் இருந்தால் ஆட்கள் யோசிப்பதை விட்டுவிட்டு, எங்கே வலிக்கிறதோ அங்கே மட்டும் தைலம் தடவிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் விண்ட் ரிவர் நிறுவனத்தின் ஜேசன் வெஸ்ஸலும் ரெட் ஹேட்டின் இங்கோ மோல்னாரும் அதைச் சுருக்கிச் சீர்செய்து தர, 2008 ஜூலையில் வெளியான 2.6.26 கெர்னலில் கேஜிடிபி உள்ளே வந்தது. ஈதர்நெட் வழியாகப் பேசும் பகுதி சேர்க்கப்படவில்லை. பழைய சீரியல் ஒயர்தான் கைகொடுத்தது.

அந்தப் பழைய ஒயர் ஒரு மலைக்கிராமத்தில் என்ன பாடு படுத்தியது என்று இனிப் பார்க்கலாம்.

வெள்ளிமலையில் மழை வலுத்தபோது

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கல்வராயன் மலை. மலைக்கு மேலே முக்கியமான ஊர் வெள்ளிமலை. மரவள்ளியும் சிறுதானியமும் விளையும் பூமி. மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள் சுற்றிலும். சில வருடங்களுக்கு முன் அங்கிருந்து கீழே போய்ப் பொறியியல் படித்த ஒரு பையன். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வருடப் புராஜெக்டுக்குத் தம்பி எடுத்தது மழைமானி. வாளி போல ஒரு சின்னக் கரண்டி. குறிப்பிட்ட அளவு மழைநீர் நிறைந்ததும் கவிழும். கவிழும்போதெல்லாம் ஒரு சுவிட்ச் தட்டும். அந்தத் தட்டலைப் பழைய கணினியின் பிரிண்டர் போர்ட்டில் பத்தாவது ஊசிக்குக் கொடுத்தால், கணினிக்கு ஒரு இன்டரப்ட் போகும். 'கையிலுள்ள வேலையை நிறுத்து, இதைப் பார்' என்று தோளில் தட்டுவதுதான் இன்டரப்ட். அதை எண்ணுவதற்கு ஒரு கெர்னல் டிரைவர். டிரைவரைத் தம்பியே எழுதினான். கள்ளக்குறிச்சியில் மூடிய ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து மரவள்ளிக் காசில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்தான் மேடை.

தூறலில் எல்லாம் நன்றாக ஓடியது. மழை வலுத்தால் கணினி உறைந்தது! மௌஸ் நகராது. கேப்ஸ் லாக் விளக்குகூட எரியாது. அந்த விளக்கு எரியவில்லை என்றால் கெர்னலே நின்றுவிட்டது என்று பொருள். திங்கட்கிழமை வெளித்தேர்வாளர் வருகிறார். அன்றைக்கு வியாழன். அன்று ஓடாவிட்டால் தாள் நிற்கும். தாள் நின்றால் கல்லூரிக்கு வந்த கம்பெனி கொடுத்த வேலையும் நிற்கும். வீட்டில் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் தங்கையைச் சேர்க்கும் பேச்சே நடந்துகொண்டிருந்தது.

டெஸ்க்டாப்தான் நோயாளி. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி மருத்துவர். மடிக்கணினியில் சீரியல் போர்ட் கிடையாது. அதற்காக ஒரு யுஎஸ்பி மாற்றி, கூடவே ஒரு ஒயர். எல்லாம் மாட்டி ஜிடிபியை ஓட்டினால், பதிலே இல்லை. காத்துக் காத்து 'டைம் அவுட்' என்று மட்டும் வந்தது.

உதவிக்கு இருந்தது ஒரே ஒருவர். அதே மலையிலிருந்து படித்துப் போய் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். வீட்டில் சிக்னல் நிற்காது. ரோட்டோரப் பாறைமேல் ஏறினால்தான் போன் பேச முடியும்.

"அண்ணே, ஜிடிபி கனெக்ட் ஆகல. கெர்னல் கான்ஃபிகரேஷன்ல ஏதோ தப்பு போல. மறுபடி கம்பைல் பண்ணட்டுங்களா?"

"கெர்னலை விடு தம்பி. ஒயர் வேலை செய்யுதா?"

"ஒயர் புதுசுண்ணே."

"புதுசான்னு கேக்கல. வேலை செய்யுதான்னு கேட்டேன்."

இந்த ஒரு கேள்விதான் அந்த நான்கு நாளையும் காப்பாற்றியது.

ஒயரிலிருந்து தொடங்கு

அண்ணன் சொன்ன முறை இது. டீபக்கரை மூடிவிடு. இரண்டு பக்கமும் மினிகாம் போன்ற வெறும் டெர்மினல் நிரலைத் திற. இங்கே 'அ' தட்டினால் அங்கே 'அ' தெரிகிறதா பார். அது தெரியும்வரை அடுத்த படிக்குப் போகாதே.

தெரியவில்லை. காரணம் எளிது. சீரியல் போர்ட்டில் ஒரு ஊசி பேசும், ஒரு ஊசி கேட்கும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும்போது இவர் வாய் அவர் காதுக்குப் போக வேண்டும். அதற்குக் குறுக்கே மாற்றிய ஒயர் வேண்டும். நல் மோடம் ஒயர் என்று கேட்டு வாங்க வேண்டும். தம்பியிடம் இருந்தது நேர் ஒயர். வாயோடு வாய், காதோடு காது! மைக் செட் கடையில் சூட்டுக்கோல் வாங்கி, ஒரு முனையில் இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும் மாற்றிப் பற்றவைத்தான். ஐந்தாவது தரை, அதைத் தொடவில்லை.

இப்போது எழுத்து வந்தது, ஆனால் குப்பையாக. ஒரு பக்கம் நொடிக்கு 115200 பிட், மறுபக்கம் 9600 பிட் என்று வைத்திருந்தான். ஒருவர் வேகமாகச் சொல்வதை இன்னொருவர் நிதானமாக எழுதினால் கணக்கு எப்படி வரும்? வேகத்தை ஒன்றாக்கியதும் 'அ' என்றால் 'அ' என்றே வந்தது.

மறுபடி ஜிடிபி. இந்தமுறை பாதிப் பாதியாகப் பதில் வந்தது. இங்கே ஒரு நல்ல ஏற்பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஜிடிபி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஒரு டாலர் குறியில் தொடங்கும், எண் குறியில் முடியும். அதன்பின் இரண்டு இலக்கம். செய்தியிலுள்ள எழுத்துகளின் எண்மதிப்பை எல்லாம் கூட்டி, 256-ஆல் வகுத்து வரும் மீதிதான் அந்த இரண்டு இலக்கம். பெறுபவர் தானும் கூட்டிப் பார்ப்பார். சரியென்றால் கூட்டல் குறி, தவறென்றால் கழித்தல் குறி. ரசீதின் அடியில் மொத்தம் போடுகிறோமே, அதே புத்திதான். தம்பிக்குக் கூட்டல் ஒத்துவரவே இல்லை.

பாறைமேல் ஏறி மறுபடி போன். "அந்த மினிகாமை மூடுனியா?"

மூடவில்லை! சோதனைக்குத் திறந்த மினிகாம் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. வரும் எழுத்துகளில் பாதியை அது விழுங்கியது, மீதி ஜிடிபிக்குப் போனது. ஒரே போர்ட்டுக்கு இரண்டு பேர் காது கொடுத்தால் இருவருக்கும் அரைகுறைதான். சில பழைய லினக்ஸ் பதிப்புகளில் மோடம் மேனேஜர் என்ற சேவையும் இப்படி வந்து மூக்கை நுழைக்கும். புதிதாக ஒரு போர்ட்டைக் கண்டால் 'நீ மோடமா?' என்று தானாகவே விசாரிக்கும். நோயாளி பக்கத்தில் அதே போர்ட்டில் லாகின் கேட்கும் நிரல் ஓடினாலும் இதே கதிதான். வெள்ளி இரவு எல்லாவற்றையும் நிறுத்தினான். ஜிடிபி ஒட்டிக்கொண்டது.

ரொக்க ஏடும் பாஸ்புக்கும்

ஒட்டிக்கொண்டது, ஆனால் உளறியது. கெர்னல் நிற்கும் இடம் என்று அது காட்டிய பங்ஷனுக்கும் மழைமானிக்கும் சம்பந்தமே இல்லை. பிரேக்பாயின்ட் வைத்தால் அங்கே நிற்கவே இல்லை. ஒயர் சரியாகத்தான் இருக்கிறது, கூட்டலும் ஒத்துவருகிறது. பிறகு எங்கே கோளாறு?

பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். கடைக்காரர் எழுதும் ரொக்க ஏடு ஒன்று, வங்கி தரும் பாஸ்புக் ஒன்று. இரண்டும் ஒரே பணத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனாலும் இருப்பு ஒத்துவராது. யாரும் திருடியதாக இருக்காது. ஒன்று இன்றைய தேதி வரை எழுதியது, மற்றது போன வாரம் வரை எழுதியது, அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது தேதியை.

கெர்னலிலும் அதே. நோயாளி உள்ளே ஓடுவது ஒரு கெர்னல். மருத்துவர் கையில் இருப்பது அந்தக் கெர்னலின் பெயர்ப் பட்டியல், எந்தப் பங்ஷன் எந்த முகவரியில் என்று சொல்வது. இரண்டும் ஒரே கம்பைலில் பிறந்தவையாக இருக்க வேண்டும். பதற்றத்தில் தம்பி புதன்கிழமை மறுபடி கம்பைல் செய்திருந்தான். மடிக்கணினியில் புதன்கிழமைப் பட்டியல், டெஸ்க்டாப்பில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமைக் கெர்னல். எத்தனையாவது கம்பைல், எந்த நாள், எந்த நேரம் என்று கெர்னல் தன் மேலேயே எழுதிவைத்திருக்கும். அதைப் படித்தாலே போதும், விஷயம் வெளிவந்திருக்கும்.

தேதி ஒத்துப்போன பிறகும் ஒரு வித்தியாசம் நின்றது. எல்லா முகவரியும் ஒரே அளவு தள்ளி இருந்தன. இது தவறே அல்ல, பாதுகாப்பு. திருடன் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வரக்கூடாது என்று, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் கெர்னல் தன் இருப்பிடத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளும். 2014-ல் லினக்ஸுக்கு வந்த ஏற்பாடு இது. 2017-ல் வெளியான 4.12 பதிப்பிலிருந்து கேட்காமலே இயங்கும். ஆரம்ப இருப்பைத் தவறாக எடுத்தால் எல்லா வரியும் ஒரே தொகையில் தள்ளி வருமே, அது போல. டீபக்கிங் நேரத்தில் மட்டும் அதை அணைத்துவைக்கலாம். டிரைவர் மாட்யூல் ஏறிய முகவரி தனி. கெர்னல் அதைச் சிஸ் அடைவில் குறித்துவைக்கும். அதையும் ஜிடிபிக்குச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மாலை இரண்டு ஏடும் ஒத்துவந்தன.

விழுவதற்கு முன்பே நிறுத்து

கடைசியாக ஒரு முட்டுக்கட்டை. உறைந்த பிறகு ஜிடிபி கூப்பிட்டால் கெர்னல் எழுந்திருக்கவில்லை. சிஸ்ஆர்க்யூ விசையோடு 'ஜி' தட்டினால் டீபக்கருக்குப் போகலாம் என்பார்கள். அந்தத் தட்டலும் இன்டரப்டாகத்தான் போய்ச் சேர வேண்டும். இங்கே கெர்னல் இன்டரப்டுக்கே காதை மூடிக்கொண்டு உறைந்திருந்தது. ஒற்றை பிராசஸர், தட்டி எழுப்ப வேறு ஆள் இல்லை.

"அப்ப விழுந்ததுக்கப்புறம் ஏன் தட்டுற? விழறதுக்கு முன்னாடியே நிறுத்து" என்றார் அண்ணன்.

கெர்னல் நன்றாக ஓடும்போதே உள்ளே போய், மழைமானித் தட்டலை வாங்கும் பங்ஷனின் வாசலில் பிரேக்பாயின்ட் வைத்தான். சொம்பில் தண்ணீர் எடுத்துக் கரண்டியில் ஊற்றினான். நின்றது. யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியலைப் பார்த்தான். ஒன்றுமில்லை. தொடரவிட்டான். மறுபடி தண்ணீர், மறுபடி பட்டியல். பல முறைக்குப் பிறகு ஒரு பட்டியல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தட்டல் பங்ஷனுக்குக் கீழே, அவனே எழுதிய இன்னொரு பங்ஷன் பாதி வேலையில் நின்றுகொண்டிருந்தது. மழை அளவைக் கூட்டிச் சொல்லும் பங்ஷன் அது. அதன் கையில் பூட்டு!

விஷயம் இதுதான். எண்ணிக்கை எழுதிய ஏட்டை ஒரே நேரத்தில் இருவர் தொடக்கூடாது என்று பூட்டு போட்டிருந்தான். கூட்டும் பங்ஷன் பூட்டை எடுத்துக்கொண்டு கூட்டுகிறது. அந்த நொடியில் கரண்டி கவிழ்கிறது. இன்டரப்ட் வந்து கூட்டுபவரை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டு கிடைக்கும்வரை இது நகராது. இது நகரும்வரை அவர் பூட்டைத் தர முடியாது. தூறலில் இந்த இரண்டும் மோதுவது அபூர்வம். மழை வலுத்தால் மோதாமல் இருப்பதுதான் அபூர்வம்.

திருத்தம் இரண்டே வரி. பூட்டை எடுக்கும்போது இன்டரப்டையும் நிறுத்திவைக்கும் வகைப் பூட்டு, அதை விடும்போது பழையபடி திறந்துவிடும் ஜோடி. ஒயருக்கும் ஏட்டுக்கும் மூன்று நாள். வழுவுக்கு அரை மணி நேரம். திங்கட்கிழமை தேர்வாளர் முன்னால் சொம்பு சொம்பாக ஊற்றிக் காட்டினான். நிற்கவில்லை.

செவ்வாயிலும் இதே பூட்டு

இது ஏதோ மாணவர்கள் செய்யும் பிசகு என்று நினைக்க வேண்டாம். 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாகவே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. அதில் இருந்தது விண்ட் ரிவரின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம். காரணம் என்ன தெரியுமா? வானிலைத் தகவல் சேகரிக்கும், அவசரமில்லாத ஒரு சின்ன வேலை, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. நடுத்தர அவசர வேலைகள் அதை ஓடவிடவில்லை. மிக அவசரமான வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது. காவல் நிரல் பொறுமை இழந்து எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்தது.

அங்கே பாறைமேல் ஏறிக் கேட்கக்கூட வழியில்லை. ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் இருந்த அதே மாதிரிக் கணினியில், நடப்பதை எல்லாம் பதிவு செய்யும் வசதியோடு ஓட்டி, அதே கோளாறை வரவழைத்தார்கள். பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் அவசரத்தைக் கடன் கொடுக்கும் வசதி ஒன்று அந்த இயங்குதளத்தில் இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்த அதை இயக்கி, மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அதன்பின் மறுதொடக்கம் நின்றது. பதிவு செய்யும் வசதியை முதலிலேயே உள்ளே வைத்திருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

லினஸ் சொன்னதும் இங்கே வந்து சேர்கிறது. டீபக்கர் யாருக்காகவும் யோசிக்காது. பூட்டு யார் கையில் என்று அது காட்டியது. ஏன் அங்கே என்று யோசித்தது தம்பிதான். ஆனால் காட்டாமல் இருந்தால் யோசிக்கவும் ஒன்றும் இருந்திருக்காது. திங்கட்கிழமைக்குள் நிச்சயமாக இருந்திருக்காது.

அண்ணன் ஒரு தடவைகூட விடையைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் பார்த்திராத டிரைவர், பார்க்க முடியாத திரை. அவரிடம் இருந்தது வரிசை மட்டுமே. ஒயர், வேகம், ஆள் தலையீடு, தேதி, ஆரம்ப இருப்பு, கடைசியில் கெர்னல். அருகில் இருப்பதை முதலில் சரிபார், தொலைவில் இருப்பதைக் கடைசியில் சந்தேகப்படு. தணிக்கைக்கு வருபவர் கல்லாப்பெட்டியை எண்ணிவிட்டுத்தான் லாப நட்டக் கணக்கைத் திறக்கிறார்.

நண்பர்களே, கணினி வைத்திருப்பவர், கணக்கு எழுதுபவர், கடை நடத்துபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். நின்றுபோன ஒன்றை, நின்ற பிறகு கேள்வி கேட்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஒயரை இழுத்து வைத்து, அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துவைத்திருக்க வேண்டும்.